ஆமையை எங்கே கொண்டுபோய் விட

சங்கரா,

இதையெல்லாம் போனில் சொன்னால் ஆகாதா, எதற்குத் தாளும் பேனாவும் என்று நினைப்பாய். போனில் பேசினால் என் வாயிலிருந்து "சரி" என்ற ஒரு சொல்தான் வருகிறது. ஆவணியில் உனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாய், சரி என்றேன். அப்பா இறந்து ஒரு வருஷத்துக்குள்ளேயே முடித்துவிட வேண்டும், விட்டால் தள்ளிக்கொண்டே போகும் என்று உன் சித்தப்பா சொன்னார், அதற்கும் சரி. மண்டபம் தென்காசியிலா செங்கோட்டையிலா என்று கேட்டாய். அதற்கும் சரி என்றுதான் சொன்னேன், நீ கவனிக்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் எங்களோடு சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றாய், சரி. பூட்டிக் கிடக்கிற வீட்டில் திறந்த கிணறு ஆபத்து, அதை மூடிவிட்டு அந்த இடத்தில் குளியலறையோடு ஒரு ரூம் போட்டுவிடலாம், குற்றாலச் சீசனுக்கு வந்தால் நானும் நித்யாவும் தங்க வசதியாக இருக்கும் என்றாய், அதற்கும் சரி. இந்தக் கடிதம் அந்தக் கடைசி இரண்டு சரியைப் பற்றியது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் கடிதத்திலேயே நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாய். உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா. தை மாதம் உன் அப்பா போனதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துப்போய், கிள்ளினாலும் தெரியாதே, அந்த மாதிரி. சாம்பாரில் உப்பே போடாமல் வைத்து அன்றைக்கு முழுக்கச் சாப்பிட்டிருக்கிறேன். உன் சித்தி வந்து வாயில் வைத்துப் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் "தைரியமான மனுஷி" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். தைரியம் எங்கே இருந்து வந்தது? ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து அவர்களுக்கு அப்படித் தோன்றுகிறது. நானும் மறுப்பதில்லை. மறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

அதனால் நீ அனுப்பிய கொத்தனார் போன வாரம் வந்து நின்றபோதும் நான் கதவைத் திறந்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். வாசலில் லாரி வந்து இடிந்த கட்டிடத்துச் செங்கலும் மண்ணுமாகக் கொட்டிவிட்டுப் போனது. தெருவில் போகிறவர்கள் ஏறி இறங்கிப் போனார்கள். கொத்தனார் அண்ணாச்சி கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்: "யம்மா, உள்ள ஆமை ஒண்ணு கெடக்குல்லா, அத என்ன செய்ய?" அப்போதுதான் எனக்குக் கணக்கு சார் ஞாபகமே வந்தது.

உனக்கு மறந்திருக்காது. நீ மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது, இலஞ்சியில் வயல் உழுத டிராக்டருக்கு முன்னால் கிடந்தது என்று உன் அப்பா ஒரு கறுத்த ஆமைக்குஞ்சைச் சாப்பாட்டு டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தார். கிணற்றில் ஆமை கிடந்தால் புழு பூச்சியைத் தின்னும், தண்ணீர் சுத்தமாக இருக்கும் என்று நம் ஊர்ப்பக்கம் பல வீட்டில் விடுவார்கள். ஆமை வீட்டுக்கு ஆகாது என்று உன் பெரியப்பா முறைத்தார். "வீட்டுக்குத்தானே ஆகாது, கிணத்துக்கு ஆகும்லா" என்று அப்பா சொல்லிவிட்டார். மெதுவாகக் கழுத்தை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொள்வதைப் பார்த்து நீதான் அதற்குக் கணக்கு சார் என்று பெயர் வைத்தாய். உன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார் கேட்டிருந்தால் உன் தோலை உரித்திருப்பார்.

உன் அப்பாவின் தொழிலைப் பற்றி நாம் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டுகிறவர் என்று நீ எல்லாரிடமும் சொல்வாய். மோட்டார் எப்போது புகையும் என்று யோசித்திருக்கிறாயா? கிணற்றில் தண்ணீர் கீழே போய், மோட்டார் தண்ணீர் இல்லாமல் சும்மா ஓடினால் புகையும். ஊரில் தண்ணீர் வற்றுகிற வருஷம் நம் கடையில் மோட்டார்கள் வரிசையில் கிடக்கும். சாரல் பொய்த்துக் கார் பருவத்து நெல் கருகிய வருஷத்தில்தான் உன்னைக் காலேஜில் சேர்த்தோம். பணம் தாராளமாகப் புழங்கியது. அப்பா அந்த வருஷம் முழுக்க வீட்டில் சரியாகப் பேசவில்லை. "அடுத்தவன் கெணறு வத்துனாத்தான் நமக்குச் சோறு பாத்துக்கோ" என்று ஒரே ஒரு நாள் சொன்னார். நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

அந்த மனுஷன் நம் வீட்டுக் கிணற்றில் மட்டும் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார். தண்ணீரை உறிஞ்சுகிற குழாயை அடிவரைக்கும் இறக்கவே இல்லை. ஓர் ஆள் நெஞ்சளவுக்குத் தண்ணீர் கீழே நிற்கிற மாதிரி மேலேயே நிறுத்திவிட்டார். அதற்குக் கீழே தண்ணீர் போனால் மோட்டார் புகையாமல் தானாக நின்றுவிட ஒரு சுவிட்சும் மாட்டியிருந்தார். கோடையில் பாதிக் குளியலில் தண்ணீர் நின்று, தலையில் சீயக்காயோடு நீ கத்துவாய். "கொழாய எறக்குங்கப்பா, இன்னும் தண்ணி கெடக்குல்லா" என்பாய். "அது ஒனக்குள்ளது இல்ல, அங்கன கெடக்கதுகளுக்குள்ளது" என்பார். கஞ்சன் என்று நான்கூடச் சொல்லியிருக்கிறேன். ஆசையாகத்தான் சொன்னேன் என்று இப்போது எழுதினால் பொய். எரிச்சலோடுதான் சொன்னேன்.

அதனால் நம் மோட்டாரை வைத்துக் கிணற்றை வற்றவைக்க முடியவில்லை. கொத்தனார் வேறு மோட்டார் கொண்டுவந்து இறக்கினார். அது இறைக்க இறைக்க நான் துவைகல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன், அடியில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்த்ததில்லை. உறை இடுக்கிலிருந்து ஒரு நண்டு இறங்கி ஓடியது. தவளைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கின. கெளுத்திக் குஞ்சுகள் சேற்றில் துடித்தன. எங்கிருந்து வந்தன என்று எனக்குத் தெரியாது, யாரும் விட்டதில்லை. கணக்கு சார் சேற்றுக்குள் பாதி புதைந்து, கல்லோடு கல்லாகக் கிடந்தது. ஆள் இறங்கி அதைக் கூடையில் தூக்கி அனுப்பினான். பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. மீனையும் தவளையையும் என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

கொத்தனார் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, "யம்மா, மூடும்போது ஒரு பிவிசி கொழாய நட்டமா வச்சு மேல எடுத்து விட்டுருதேன்" என்றார்.

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"கெணறு மூச்சு விடணும்லா. ஊத்து இருக்க கெணத்த அப்படியே அமுக்கக் கூடாதும்பாவ. எல்லாரும் வைக்கதுதான்."

"அப்ப உயிரோடதான் மூடுதியளா?"

அவர் சிரித்தார். நான் வேடிக்கையாகக் கேட்டேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் விட்டுவிட்டேன். மறுநாள் ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது, அதற்கு அடுத்த நாள் வந்து மண் தள்ளுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஆமையைத் துணி அலசுகிற சிமென்ட் தொட்டியில் விட்டு, நகராட்சிக் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். மருந்து வாசம் அடிக்கிற தண்ணீர். அது தலையை வெளியே நீட்டவே இல்லை. சோறு போட்டேன், மத்திமீன் தலையைப் போட்டேன், செம்பருத்திப் பூவைப் போட்டேன். எல்லாம் ஊறி நாறியதுதான் மிச்சம். மறுநாள் காலையில் பின்பக்கம் போனால், நான் துணி துவைக்காததால் துவைகல்லில் இருந்து வாழைக்குப் போகிற வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மேலே சாரல் தூறுகிறது, ஆனால் அது இலையை நனைத்ததோடு சரி, வேருக்குப் போகவில்லை. கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளத்தில் தினமும் குளிக்கிற கொண்டைக்குருவிகள் வந்து உட்கார்ந்து, பள்ளத்தைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டுப் போயின. நான் ஒருத்தி துணி துவைக்கிறதை நம்பி இத்தனை பேரா என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர அப்போதும் உள்ளே ஒன்றும் அசையவில்லை.

நீ வீடியோ காலில் வந்து, "ஏதாவது குளத்துல விட்டுருங்கம்மா, ஃப்ரீயா இருக்கும்" என்றாய். சரி என்றேன். நம் தெரு முக்கில் ஆட்டோ ஓட்டுகிற மாடசாமியைக் கூப்பிட்டேன். ஆமையைப் பெரிய பிளாஸ்டிக் வாளியில் வைத்து, என் பழைய சேலையை நனைத்து மேலே போட்டு, வாளியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

"எங்க போணும் யக்கா?"

"தண்ணி கெடக்க எடத்துக்குப் போ."

அவனுக்குச் சொந்த ஊர் ஆய்க்குடி. அங்கே குளம் கடல் மாதிரி இருக்கும் என்று பெருமையாகக் கூட்டிக்கொண்டு போனான். குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சாரல் மலையோரத்தோடு நின்றுவிடுகிறது, இங்கே ஐப்பசி மழை வந்தால்தான் தண்ணீர். அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. "போன தடவ நான் வரும்போது கெடந்துது யக்கா" என்றான்.

திரும்பி வந்து இலஞ்சிப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனோம். நிறையத் தண்ணீர், தாமரை எல்லாம் கிடந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு கரையில் இறங்கினேன். மீன் குத்தகை எடுத்தவர்களின் காவல்காரர் ஒருவர் குடையோடு ஓடிவந்தார். வாளிக்குள் பார்த்தார். "ஆச்சி, நான் வேண்டாங்கல. ஆனா வல இழுக்கும்போது இது மாட்டி வலையக் கிழிச்சுப் போடும். பயலுவ கட்டையால ஒரே அடி. தெரிஞ்சே விடுதியளா?" என்றார். நல்ல மனுஷன். ஒளித்து வைக்காமல் சொன்னார். என்னைப் பாட்டியாக்கி ஆச்சி என்றதுதான் கொஞ்சம் அதிகம்.

குற்றாலத்தில் விடலாம், ஆறாயிற்றே, யார் குத்தகை எடுக்கப் போகிறார்கள் என்று மாடசாமி சொன்னான். சீசன் கூட்டம் உனக்குத் தெரியும். வண்டியை நிறுத்த இடமில்லை. அருவியில் கூட்டத்தோடு கூட்டமாகத் தண்ணீர் விழுகிறது. கீழே இறங்கி ஆறு வளைகிற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். சோப்பு போடக் கூடாது என்று போர்டு இருக்கிறது, போர்டுக்குக் கீழேயே நுரை மிதந்து போகிறது. ஷாம்பு பாக்கெட்டுகள், எண்ணெய் மிதக்கிற தண்ணீர், யாரோ விட்டுப்போன ஒரு குழந்தைச் செருப்பு. ஓட்டமும் பலமாக இருந்தது. கிணற்றில் நின்ற தண்ணீரிலேயே பிறவி முழுக்கக் கிடந்த ஜீவனை அந்த ஓட்டத்தில் விட்டால் பாறையில் கொண்டுபோய் அடிக்கும். ஒரு வெளியூர்ப் பையன் ஆமையோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமா ஆன்ட்டி என்று கேட்டான். எடுத்துக்கோ என்றேன்.

கடைசியாகச் செங்கோட்டை ரோட்டில் ஒரு வாய்க்கால். தெளிவான தண்ணீர், ஆள் நடமாட்டம் இல்லை. இது தேவலை என்று கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் அடியும் சிமென்ட் போட்டு வழுவழுவென்று பூசியிருந்தார்கள். ஒரு புல் இல்லை, ஒரு பொந்து இல்லை. உள்ளே விழுந்தால் ஏற வழியில்லை. தூறல் நனைத்துக்கொண்டிருந்தது. மாடசாமிக்கு அலுத்துப்போய்விட்டது, பாவம், அவனும் மத்தியானம் சாப்பிடவில்லை.

"யக்கா, பேசாம இங்கனயே போட்டுட்டுப் போவோம். தண்ணிதானே வேணும்? தண்ணி கெடக்குல்லா. ஆமைக்கு என்ன தெரியப் போவுது?"

"ஏலே, ஒன்னைய இதுக்குள்ள எறக்கி விட்டா எப்படிலே ஏறுவ? எங்கலே படுப்ப? என்னத்தலே திம்ப? தண்ணி மட்டும் இருந்தா போதுமாலே ஒனக்கு?"

ரோட்டில் பைக்கில் போன ஒருத்தன் நிறுத்திப் பார்க்கிற அளவுக்குக் கத்தியிருக்கிறேன். மாடசாமி வெலவெலத்துப்போய், "நான் என்ன சொல்லிட்டேன் யக்கா" என்றான். தை மாதத்துக்கு அப்புறம் எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். சந்தோஷம் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏதோ ஒன்று வந்தது. நனைந்த சேலையின் குளிர் தெரிந்தது, கால் வலி தெரிந்தது. மாடசாமியிடம் மன்னிப்புக் கேட்டு, வழியில் அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.

ஊர் முழுக்கத் தண்ணீர் இருந்தது சங்கரா. தலைமேலே தூறிக்கொண்டிருந்தது, அருவியில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் ஓர் உயிர் இருப்பதற்குத் தண்ணீர் மட்டும் போதவில்லை. புதைந்துகொள்ளச் சேறு வேண்டும், ஒண்டிக்கொள்ள ஒரு பொந்து வேண்டும், மேலே இருந்து இலை விழ வேண்டும், இலையோடு பூச்சி விழ வேண்டும். எல்லாவற்றையும்விட, அதைச் சும்மா விட்டுவிடுகிற ஆள் வேண்டும். இது எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தின் வாசலில் நான் சரி என்று சொல்லிக் கொட்டவைத்த ஒரு லாரி மண் கிடந்தது.

வீட்டுக்கு வந்து கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஊற்று சுரந்து முழங்கால் அளவுக்குத் தண்ணீர் கலங்கலாக ஏறியிருந்தது. மாடசாமி கயிறு கட்டிக் கூடையை இறக்கினான். கூடை சாய்ந்ததும் கணக்கு சார் தண்ணீருக்குள் இறங்கி, கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. அப்புறம் கழுத்தை நீட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுச் சேற்றுக்குள் போனது. தவளைகளில் பாதியைக் காணவில்லை. அது என் கணக்கில்தான்.

அன்றைக்கு ராத்திரியே நித்யாவுக்குப் போன் போட்டேன். "ஏட்டி, அந்த ரூம் ஒனக்கு ரொம்ப அவசியமா?" என்று கேட்டேன். "எந்த ரூம் அத்தை?" என்றாள். கிணற்றை மூடுகிறதே அவளுக்குத் தெரியாது. சென்னையில் நான் வந்து இருக்கப் போகிறேன் என்று மட்டும் நீ சொல்லியிருக்கிறாய், அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வீட்டில் இரண்டு பொம்பளைகள் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம், நீயும் எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று லாரி அனுப்பிக்கொண்டிருக்கிறாய். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறவனுக்கு ஒன்று சொல்கிறேன், மற்றதை மறந்தாலும் இதை மறக்காதே. உன் பொண்டாட்டி சட்டென்று சரி என்று சொன்னால், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை கேள். முதல் சரி பல நேரம் களைப்பில் வருவது. உன் அப்பாவுக்கு நான் அப்படி எத்தனையோ சொல்லியிருக்கிறேன். அவரும் திருப்பிக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

கொத்தனார் அண்ணாச்சியிடம் பேசிவிட்டேன். மண்ணை அவரே வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார். கிணற்றுக்கு மேலே இரும்புக் கம்பி வலை ஒன்று போடச் சொல்லியிருக்கிறேன், இலை விழுகிற அளவுக்கு இடைவெளி விட்டு. ரூம் வேண்டுமென்றால் மாடியில் கட்டு, அதற்குக் கொத்தனார் தயார். உனக்குப் பயம் பூட்டிக் கிடக்கிற வீட்டில் திறந்த கிணறு என்றுதானே? வீடு பூட்டிக் கிடக்கப் போவதில்லை. நான் சென்னைக்கு வரவில்லை. பொங்கலுக்கு வருகிறேன், பத்து நாள் இருக்கிறேன், பேரன் பேத்தி வந்தால் இன்னும் கூடுதலாக இருக்கிறேன். குடியிருக்க வரமாட்டேன். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டான் என்று யாராவது சொன்னால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

உன் வீடு வசதியான வீடு, நீ என்னை நன்றாகப் பார்த்துக்கொள்வாய், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நித்யாவும் தங்கமான பிள்ளை. ஆனால் உன் அப்பா செத்து நான் இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, சங்கரா. அது உனக்குத் தெரிந்திருக்கும், கேட்கப் பயந்திருப்பாய். மாடசாமியிடம் கத்திய அன்றைக்குத் தொண்டைவரைக்கும் வந்து நின்றது. எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. வரும்போது நான் இங்கே இருக்க வேண்டும்.

உன் அம்மா